மகாமகக் குளத்துக்கு மேலே மூன்று வெளிச்சங்கள்

2016 பிப்ரவரி 22, கும்பகோணம். மகாமகத் தீர்த்தவாரி முடிந்து, ராத்திரி ஒன்பது மணி வாக்கில்தான் குளக்கரையில் நிம்மதியாகக் கால் ஊன்ற இடம் கிடைத்தது. படிக்கட்டில் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பாட்டி கிழக்கே கையை நீட்டி, "அதோ பாரு, குரு" என்று பேத்திக்குக் காட்டினார். சரியாகத்தான் காட்டினார். நிலா நன்றாக மேலே ஏறியிருந்தது. அதை ஒட்டி, நிலா வெளிச்சத்தில் பாதி கரைந்துபோய் ஒரு நட்சத்திரம். இன்னும் கீழே, வீட்டுக் கூரைகளுக்குச் சற்று மேலே, இமைக்காமல் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் குரு என்கிற வியாழன்.

"அது நிலாவுக்குப் பக்கத்துலயா இருக்கு, பாட்டி?" என்றது குழந்தை.

"எல்லாம் ஒரே எடத்துலதான் இருக்கு. சிம்மத்துல."

பாட்டி சொன்னது திசைக்குப் பொருந்தும், தூரத்துக்குப் பொருந்தாது. அன்று நிலாவின் வெளிச்சம் ஒன்றேகால் நொடியில் கும்பகோணம் வந்தது. குருவின் வெளிச்சம் 37 நிமிஷம் பயணப்பட்டு வந்தது. நிலாவை ஒட்டி மங்கலாகத் தெரிந்ததுதான் மகம், திருவிழாவுக்கே பெயர் கொடுத்த நட்சத்திரம். அதன் வெளிச்சம் நம்மை வந்தடைய 79 வருஷம் ஆகிறது. 1945 மகாமகத்தன்று அங்கிருந்து கிளம்பிய ஒளி, 2016 மகாமகத்துக்குக்கூட வந்து சேரவில்லை. 2024 வாக்கில்தான் வந்திருக்கும்.

டெல்டாக்காரர்களுக்குக் கிரகங்கள் புதிதல்ல. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது ஊரையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டக் கும்பகோணத்தில் வண்டி கிடைக்கும். சனி இப்போது எந்த ராசியில் என்று டீக்கடையில் கேட்டாலே பதில் வரும். கல்லூரியில் வானியல் முதல் பாடம் எடுக்கப் போகிற எவருக்கும் இது பெரிய வசதி. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்: ராசி என்பது ஊர் அல்ல, திசை. தஞ்சாவூரில் நின்று வடகிழக்கே கையைக் காட்டினால் பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் எல்லாமே ஏறக்குறைய அந்தக் கைக்கு நேராகத்தான் இருக்கின்றன. அதற்காக அவையெல்லாம் ஒரே ஊர் ஆகிவிடுமா?

பஞ்சாங்கம் பிடித்துவைத்திருப்பது திசையை. தூரத்தை அதில் யாரும் எழுதவில்லை. ஆனால் அதே பெயர்ச்சிக் கணக்கிலிருந்து தூரத்தையும் கறந்துவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

முதலில் மகாமகத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி மாதம் என்றால் சூரியன் கும்பத்தில். அந்த மாதத்துப் பௌர்ணமியில் நிலா சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது சிம்மத்தில், மகத்தின் அருகே நிற்கும். இது வருஷா வருஷம் நடக்கிற மாசி மகம். குருவும் சிம்மத்தில் இருக்கிற வருஷத்தில் அது மகாமகம். இதைக் கொஞ்சம் மேலிருந்து பார்ப்பதுபோல் கற்பனை செய்யுங்கள். ஒரு பக்கம் சூரியன், நடுவில் பூமி, மறுபக்கம் நிலாவும் அதே வாக்கில் வெகுதூரத்தில் குருவும். பூமி, சூரியனுக்கும் குருவுக்கும் இடையில் வந்துவிட்டது. குரு நமக்கு மிகவும் கிட்டத்தில் வரும் காலம் இதுதான், மிகப் பிரகாசமாக இருப்பதும் அப்போதுதான். சூரியன் மேற்கே விழுகிற சமயத்தை ஒட்டி அது கிழக்கே எழும்பும். பாட்டியின் கைக்கு அன்று குரு அவ்வளவு சுலபமாக அகப்பட்டது தற்செயல் அல்ல. மகாமகம் என்றைக்கு வந்தாலும் குரு அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், பன்னிரண்டு வருஷக் கணக்கு. குரு சூரியனை ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்வது சரியாக 12 வருஷம் அல்ல, 11.86 வருஷம். வித்தியாசம் சுமார் 50 நாள். பார்க்க அற்பம்தான், ஆனால் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு மகாமகத்துக்கும் குரு முன்னதைவிட ஏறக்குறைய நாலு பாகை தள்ளி நிற்கும். ராசிக்கு 30 பாகைதான். ஏழு சுற்றுக்குள் சிம்மத்தின் விளிம்புக்கு வந்து, அடுத்த தடவை கன்னிக்குள் போய்விடும். அப்படிப் போனால் ஒரு வருஷம் முன்கூட்டியே நடத்த வேண்டியதுதான். 1945-க்கு அடுத்த மகாமகம் 1957-இல் வராமல் 1956-இல் வந்தது இதனால்தான். பிறகு 1968, 1980, 1992, 2004, 2016 என்று ஒழுங்காகப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போனது. அடுத்தது 2028. குருவின் ஏழு சுற்று 83 வருஷம். 1945-உடன் 83-ஐக் கூட்டினால் 2028, 1956-உடன் கூட்டினால் 2039. ஆக, 2028-க்கு அடுத்தது 2040-இல் அல்ல, 2039-இல் வர வேண்டும் என்கிறது கணக்கு. நாள் குறிப்பது பஞ்சாங்கக்காரர்கள் வேலை. நான் வியாழனின் நடையை மட்டும் சொல்கிறேன்.

சரி, தூரத்துக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குரு ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஒரு வருஷம், பன்னிரண்டு ராசிக்கு 12 வருஷம். சனிக்கு ராசிக்கு இரண்டரை வருஷம், மொத்தம் 30. இவை காலண்டரைக் கிழிக்கிற எல்லோருக்கும் தெரிந்த எண்கள். இனி, 1619-இல் ஜெர்மன் வானியலாளர் கெப்லர் வெளியிட்ட விதி: சுற்றும் காலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். எந்த எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் அந்த விடை வருமோ, அதுதான் சூரியனிலிருந்து அந்தக் கிரகத்தின் தூரம். பூமியின் தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

குருவுக்கு 12 × 12 = 144. மூன்று தடவை பெருக்கி 144 தருகிற எண் 5.24. சனிக்கு 30 × 30 = 900. அதற்கு 9.65. இன்று விண்கலம் அனுப்பி அளந்துவைத்திருக்கும் எண்கள் 5.2, 9.5. டீக்கடைக் கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதாதா? நான் முதன்முதலில் இதைக் கரும்பலகையில் போட்டபோது பின்வரிசையில் ஒரு பையன், "சார், அப்ப இத்தன நாளா இது எங்க வீட்டுக் காலண்டர்லயே இருந்துதா?" என்றான். இருந்தது. பெருக்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தூரத்தில் இருப்பது ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்குக் காரணம் இரண்டு. பாதை நீளம் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், சூரியனின் இழுப்பு தூரம் போகப் போகக் குறைகிறது. இழுப்பு குறைந்தால், விழாமல் சுற்றுவதற்கு வேண்டிய வேகமும் குறைவு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. குரு 13. சனி 10-க்கும் கீழே. சனிக்கு 'மந்தன்' என்று பெயர் வைத்தவர் இந்த மெத்தனத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

கிரகம் பின்னோக்கிப் போவதாகச் சொல்கிற வக்கிரம் என்ற சொல்லுக்கும் இங்கேயே விளக்கம் கிடைக்கும். கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் நீங்கள் போகும் பஸ், கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டரை முந்துகிறது. டிராக்டரும் தஞ்சாவூர் பக்கம்தான் போகிறது. ஆனால் பஸ் ஜன்னலிலிருந்து, தூரத்துத் தென்னந்தோப்பை வைத்துப் பார்த்தால், முந்துகிற அந்தச் சில நொடி டிராக்டர் பின்னோக்கி நகர்வதாகத் தெரியும். பூமிதான் பஸ், குருதான் டிராக்டர், தென்னந்தோப்பு நட்சத்திரங்கள். முந்துகிற நேரம் என்பது நாம் குருவுக்கு மிக நெருக்கமாக இருக்கும் நேரம். அதாவது மகாமகத்தின் போது குரு எப்போதுமே வக்கிரத்தில்தான் இருக்கும். மேலே சொன்ன வரிசையிலிருந்து இது தானாக வந்து விழுகிறது. குரு உண்மையில் ஒரு நாளும் திரும்பி நடந்ததில்லை.

சனிப் பெயர்ச்சி விஷயத்தில் இரண்டு தேதி வந்து எல்லோரையும் குழப்பும். திருக்கணிதப்படி, அதாவது வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்குப்படி, சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறில் பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20. பதினொரு மாத வித்தியாசம். 2025 மார்ச்சில் மறுபடி அதே குழப்பம், திருநள்ளாறில் பெயர்ச்சி 2026-இல்தான் என்று கோயில் தரப்பே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. வாக்கியம் என்பது பழைய வாய்பாடு. மனப்பாடம் செய்வதற்கேற்ற சொற்றொடர்களில் எண்களை ஒளித்துவைத்து, கணக்கை நாக்கிலேயே தூக்கிக்கொண்டு போகிற ஏற்பாடு. நிலாவுக்கு 248 வாக்கியங்கள். நிலா பூமிக்கு அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர 27.55 நாள். அதைப்போல் ஒன்பது மடங்கு 248 நாள். எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் வாய்பாட்டை அவ்வப்போது வானத்தோடு வைத்துச் சரிபார்க்காவிட்டால், சாவி கொடுத்த பழைய கடிகாரம் மாதிரி பிசகு சேர்ந்துகொண்டே போகும். 2023 டிசம்பர் 20 சாயங்காலம் மேற்கே தெரிந்த சனி, கும்பத்தில் கால்பங்குக்கு மேல் கடந்திருந்தது. விழாவைப் பழைய முறைப்படி நடத்துவது கோயில் வழக்கம், அதில் எனக்குக் கருத்து இல்லை. சனி எங்கே இருக்கிறது என்று மாணவன் கேட்டால் மட்டும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவேன்.

திருநள்ளாறுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி ஸ்தம்பித்துவிடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷத்துக்கு ஒரு தரமாவது வந்துவிடும். தாழ்வான பாதையில் போகும் ஒரு செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. திருநள்ளாறிலிருந்து காரைக்காலே அதற்கு ஒரு நொடிப் பயணம். மூன்று நொடி அது நின்றால் கீழேதான் விழும்.

ராகு, கேதுவுக்கும் பெயர்ச்சி உண்டு. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு ராசிக்கும் 18.6 வருஷம். இதையும் கெப்லர் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்: 18.6 × 18.6 = 346, மூன்று தடவை பெருக்கினால் அது வருகிற எண் ஏழு. குருவுக்கும் சனிக்கும் நடுவே, ஏழு பங்கு தூரத்தில் ஒரு கிரகம் இருக்க வேண்டும். அங்கே எதுவும் இல்லை. கெப்லர் விதி இங்கே கைவிடுவதே நல்ல துப்பு. இவை பொருள்கள் அல்ல, புள்ளிகள். நிலாவின் பாதை சூரியன் நகர்வதாகத் தெரியும் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்தான் ராகுவும் கேதுவும். அதனால்தான் அவை எப்போதும் நேர் எதிரெதிரே நிற்கின்றன, இரண்டும் ஒரே சமயத்தில் பெயர்கின்றன, எப்போதும் பின்னோக்கியே போகின்றன. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த வெட்டுப்புள்ளிக்கு அருகே வந்தால்தான் கிரகணம். சாய்வு மட்டும் இல்லாவிட்டால் மாதம் இரண்டு கிரகணம் வந்துகொண்டிருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளையக் கிரகணத்தின் பாதை போனபோது சூரியன், சந்திரன், கேது மூன்றும் தனுசில். ராகு-கேது விழுங்குகிறது என்று சொன்ன கதையில் பாம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சரியான வடிவியல்.

கெப்லர் விதியில் ஒரு குறை உண்டு. அது விகிதத்தைத்தான் தரும், கிலோமீட்டரைத் தராது. பூமியின் தூரம் 'ஒன்று' என்றால், அந்த ஒன்று எவ்வளவு? இதை அளக்க வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்துபோகும் அபூர்வ நேரத்தை உலகின் பல இடங்களிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் லெ ஜான்டீல் 1761-இல் கடலில் மாட்டிக்கொண்டு அதை அளக்க முடியாமல் போய், எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றார். மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. மற்ற ஊர்களில் பார்த்தவர்கள் கணக்கை முடித்தார்கள். காத்திருந்த நாட்களில் அவர் உள்ளூர்த் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போனது வேறு கதை. இன்று ரேடார் அலையை வெள்ளிக்கு அனுப்பி எதிரொலியைக் கேட்டே தூரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த 'ஒன்று', சுமார் 15 கோடி கிலோமீட்டர்.

எண் பெரிதாகிவிட்டதால் மறுபடி குளத்துக்கே வருவோம். மகாமகக் குளத்தின் ஒரு கரையில் ஒரு தேங்காயை வைத்து, அதைச் சூரியன் என்று சொல்லுங்கள். பூமி ஒரு கேழ்வரகு மணி, பதினைந்து மீட்டர் தள்ளி. குரு ஒரு சுண்டைக்காய், குளத்தின் நடுவில், 78 மீட்டரில். சனி கிட்டத்தட்ட மறுகரையில். அடுத்த தேங்காய், அதாவது அடுத்த நட்சத்திரம் எங்கே? 4,000 கிலோமீட்டர் தள்ளி. டெல்லிக்குப் போகிற தூரத்தைப்போல் இரண்டு மடங்கு. மகத்தை வைக்க வேண்டுமென்றால் பூமியை ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். நடுவில் எல்லாம் வெட்டவெளி.

அவ்வளவு தூரத்தை எப்படி அளந்தார்கள்? காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து, பக்கத்தில் நிற்கும் ஒரு நாணலை முதலில் இடக்கண்ணால் பாருங்கள், பிறகு வலக்கண்ணால். எதிர்க்கரை மரங்களை வைத்துப் பார்த்தால் நாணல் சற்று நகரும். வானியலில் இரண்டு கண்ணுக்குப் பதில் ஆறு மாத இடைவெளி. பூமி அதற்குள் சூரியனின் மறுபக்கம் போயிருக்கும். பக்கத்து நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களின் பின்னணியில் ஒரு துளி நகரும். 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் இப்படி முதன்முதலில் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டார். அந்தத் துளி எவ்வளவு சிறியது என்று கேளுங்கள். கல்லணைக்கும் பூம்புகாருக்கும் நேர்கோட்டில் 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பூம்புகார் கடற்கரையில் ஒருவர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கல்லணையிலிருந்து அந்த நாணயத்தின் அகலத்தை அளந்தால் எவ்வளவு கோணமோ, மகத்தின் தூரத்தைச் சொல்லும் கோணமும், அதாவது அந்த ஆறு மாத நகர்வில் பாதியும், அவ்வளவுதான்.

இதே முறையில் சிம்மத்தின் மற்ற நட்சத்திரங்களையும் அளந்தால் சிங்கம் கலைந்துவிடுகிறது. மகம் 79 ஒளியாண்டு (ஒளி 79 வருஷத்தில் கடக்கும் தூரம்), பூரத்தின் பிரகாசமான நட்சத்திரம் 58, உத்திரம் 36. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று விளக்குகள், நம் திண்ணையிலிருந்து பார்க்கும்போது ஒரே உருவமாகத் தெரிகின்றன.

தூரம் கையில் வந்தால்தான் நட்சத்திரத்தின் உண்மையான பலம் தெரியும். நம் சூரியனைக் கொண்டுபோய் மகத்தின் இடத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியாது. மகம் கண்ணுக்குப் புலப்படும் வெளிச்சத்தில் சூரியனைப்போல் சுமார் 140 மடங்கு. நிறமும் வேறு. சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடு ஏற ஏற உலோகம் முதலில் செக்கச் சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெளுத்துக்கொண்டு போகும். வார்ப்பவர் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். மார்கழித் திருவாதிரை ராத்திரியில் தெரியும் திருவாதிரை நட்சத்திரம் சிவப்பு, மேற்பரப்பு 3,300 டிகிரி செல்சியஸ் வாக்கில். சூரியன் 5,500. மகம் நீலம் கலந்த வெள்ளை, பத்தாயிரத்தைத் தாண்டும். சிவப்பு என்றால் கோபம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வானத்தில் சிவப்புதான் ஆறினது.

மகத்தின் எடை சூரியனைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. எடை கூடினால் உள்ளே அழுத்தமும் சூடும் கூடி, எரிபொருள் தாறுமாறாகச் செலவாகும். சூரியன் நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றியும், 460 கோடி வருஷம் ஓடி, இன்னும் 500 கோடி வருஷத்துக்கு வைத்திருக்கிறது. மகத்துக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. அதோடு, சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 25 நாளாவது எடுத்துக்கொள்ள, மகம் 16 மணி நேரத்தில் சுற்றிவிடுகிறது. சுற்றுகிற வேகத்தில் இடுப்பு பிதுங்கி, பரங்கிக்காய் மாதிரி சப்பையாக இருக்கிறது. இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்பது வெகுநாள் புதிர். 2008-இல் விடை மாதிரி ஒன்று கிடைத்தது. மகத்துக்கு மிக அருகே, 40 நாளுக்கு ஒரு சுற்று சுற்றிவரும் ஒரு துணை இருக்கிறது. தொலைநோக்கியிலும் தனியாகத் தெரியாது. மகத்தின் நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த அதன் ஒளி, கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு வெள்ளைக் குள்ளன். ஒரு காலத்தில் அதுதான் இரண்டில் பெரியதாக இருந்து, முதலில் முதுமையடைந்து, தன் வெளிப்பகுதியை எல்லாம் மகத்தின் மேல் கொட்டிவிட்டு, உள்கருவாக மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது கணிப்பு. கொட்டிய பொருள்தான் மகத்தைப் பம்பரமாகச் சுழற்றிவிட்டது.

வெள்ளைக் குள்ளன் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. சுப்ரமணியன் சந்திரசேகர் லாகூரில் பிறந்து சென்னையில் படித்தவர், குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு இதுதான்: எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை உள்ளே நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் தாங்கிப்பிடிக்கின்றன, ஆனால் எவ்வளவு எடை வரை? விடை, இன்றைய கணக்கில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் தாங்காது, நட்சத்திரம் உள்ளே இடிந்துவிழும். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று, நோபல் பரிசு வந்தது 1983-இல். மகத்தின் துணை சூரியனில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. எல்லைக்கு வெகு கீழே, பத்திரமாக ஆறிக்கொண்டிருக்கிறது.

மகாமகத்தன்று மகத்தைத் தேடினால் கண் கூசும், நிலா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மாசி மகம் கழிந்து ஒரு வாரம் போகட்டும். அப்போது நிலா நடுராத்திரியில்தான் எழும். எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால், அரிவாளைத் தலைகீழாக மாட்டியது போன்ற ஒரு நட்சத்திர வளைவும், அதன் பிடியின் நுனியில் நீல வெள்ளையாக ஒன்றும் தெரியும்.